உறுதி எழுதினால் போதுமா?



வேலி வழக்குகளில் பல்லாண்டு வாதாடியவன் நான். காணி உறுதி தெளிவாயிருந்தும் அயல்வீட்டார் இரு தலைமுறையாகப் பேசாதிருத்தலை நீங்களும் கண்டிருப்பீர்கள். அங்கே வழக்கின் பொருள் ஒரு முழ நிலமன்று, பட்ட அவமானமே. நாடுகளின் நிலையும் இதுவே. இத்தாலியும் ஒஸ்திரியாவும் இதற்குச் சான்று.

முதலாம் உலக யுத்தத்தின் பின், 1919ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையால், ஜேர்மன் மொழி பேசும் தென் தைரோல் ஒஸ்திரியாவிடமிருந்து இத்தாலியின் கைக்கு மாறிற்று. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்டிலர். முசோலினியின் ஆட்சி ஜேர்மன் மொழிப் பாடசாலைகளை மூடிற்று; ஊர்ப் பெயர்களையும் மாற்றிற்று. 1939இல் ஹிட்லரும் முசோலினியும் கூடி, மொழி வேண்டுவோர் மண்ணை விட்டு ஜேர்மனிக்குச் செல்லவேண்டும், மண் வேண்டுவோர் மொழியைக் கைவிடவேண்டும் என்ற நிலையை உண்டாக்கினர். இக்காயம் எளிதில் ஆறுமா?

1946 செப்டெம்பர் 5ஆம் நாள் இத்தாலியப் பிரதமர் டி காஸ்பெரியும் ஒஸ்திரிய வெளிநாட்டமைச்சர் குரூபரும் பாரிஸில் ஒப்பந்தஞ் செய்தனர். தாய்மொழிக் கல்வி, உத்தியோகத்திற் சமவாய்ப்பு, சுயாட்சி ஆகியன வாக்களிக்கப்பட்டன. உறுதி நல்ல உறுதிதான்! ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டமோ தென் தைரோலைத் திரெந்தோ மாகாணத்துடன் ஒரே பிராந்தியமாக்கிற்று. அப்பிராந்தியத்திற் பெரும்பான்மையினர் இத்தாலியரே. ஒரு கையாற் கொடுத்தது மறுகையாற் பறிக்கப்பட்டது.

1957இல் மக்கள் பல்லாயிரவராகத் திரண்டு தனிச் சுயாட்சி கேட்டனர். 1960இல் ஒஸ்திரியா ஐக்கிய நாடுகள் சபையிடம் முறையிட்டது. இரு நாடுகளும் பேசித் தீர்க்குமாறு பொதுச் சபை கேட்டுக்கொண்டது. பேச்சு இழுபட்டது, 1961இல் மின்கோபுரங்கள் குண்டுகளால் தகர்க்கப்பட்டன. தொடர்ந்த வன்செயலில் உயிர்களும் மாண்டன.

1972இல் வந்த புதிய சட்டம் அதிகாரத்தை மாகாணத்திற்கே மாற்றிற்று. அரசாங்க உத்தியோகங்களை மொழிவாரி விகிதத்திற் பங்கிட வழி செய்தது. அதனை நிறைவேற்ற இருபது ஆண்டுகள் சென்றன. 1992இலேயே, பிணக்குத் தீர்ந்ததென ஒஸ்திரியா அறிவித்தது.

அன்பர்களே! எல்லைக்கோடு ஓரங்குலமும் நகரவில்லை. ஆயினும் பகை தணிந்தது. காரணம் என்ன? கோட்டிற்கு இப்புறம் வாழ்ந்தவன் தன் மொழியோடும் மானத்தோடும் வாழ முடிந்தமையால், அப்புறத்தான் வழக்காட வேண்டிய தேவை நீங்கிற்று. 1946இல் எழுதியதை 1948இலேயே நேர்மையாக நிறைவேற்றியிருந்தால், இடையிற் போன உயிர்கள் போயிருக்குமா?

உறுதி எழுதுவது நொத்தாரிசின் வேலை. எழுதியபடி கதியால் நட்டு வேலியடைப்பது காணிக்காரரின் கடமை. வாக்கைக் காக்கும் அரசே அயலவரின் நம்பிக்கையைப் பெறும்.