கிழமை மாறாது

1746-ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தது. எந்தத் தேதியில்? செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆங்கிலக் கணக்கில் அது செப்டம்பர் 10. புதுச்சேரியின் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டும் அந்தக் காலத்து மனிதர்கள் அன்றைக்கே எழுதிய தேதிகள். இரண்டிலும் பிழை இல்லை. நாள்காட்டித் தாளின் அடியிலும், பள்ளிக் காலை வழிபாட்டிலும், நாளிதழின் மூலையிலும் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒற்றை வரியாக வந்து நிற்கும் தேதிகளைச் சரிபார்க்க முனைவோர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இந்தப் பதினொரு நாள் இடைவெளிதான்.

1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பழைய ஜூலியன் நாள்காட்டியைத் திருத்தினார். அந்த ஆண்டு அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை ஆயிற்று. கத்தோலிக்க நாடான பிரான்ஸ் அதே ஆண்டில் திருத்தத்தை ஏற்றது. இங்கிலாந்து ஏற்கவில்லை. 170 ஆண்டுகள் பழைய கணக்கிலேயே நின்று, 1752-இல்தான் மனம் மாறியது. அங்கே செப்டம்பர் 2 புதன்கிழமை இரவு படுத்தவர்கள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை காலையில் எழுந்தார்கள். அதுவரை, அடுத்தடுத்த இரு துறைமுகங்களான சென்னையும் புதுச்சேரியும் வெவ்வேறு தேதியில் வாழ்ந்தன. புதுவையில் 20-ஆம் தேதியிட்டுப் புறப்பட்ட கடிதம் மூன்று நாள் நடந்து சென்னையை அடைந்தால், அங்கே அன்று தேதி 12.

தேதிதான் இரண்டு, கிழமை ஒன்று. பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயிடம் கோட்டை பணிந்த நாள் ஆங்கிலேயருக்கும் புதன், பிரெஞ்சுக்காரருக்கும் புதன். நாள்காட்டியில் பதினொரு தேதிகளை வெட்டி எறிந்தபோதும் கிழமைகளின் வரிசை அறுபடவில்லை. ஆகவே ஒரு தேதியின் மேல் ஐயம் எழுந்தால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அன்று என்ன கிழமை? மூல ஆவணத்தில் கிழமை குறிக்கப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தக் கிழமையைத் தவறாமல் எழுதிவைத்தவர் ஒருவர் தமிழில் இருக்கிறார். பிரெஞ்சுக்காரரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கிய அவருடைய நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டின் பெயர், தமிழ் மாதம், தமிழ்த் தேதி, கிழமை என்று எல்லாம் சேர்ந்தே வரும். ஒன்றில் பிசகு நேர்ந்தாலும் மற்றவை காட்டிக்கொடுத்துவிடும். இன்றைய பட்டியல்காரர்களுக்கு அந்தப் பொறுமை வேண்டும். ஆண்டின் பெயரை மட்டும் நம்புவது ஆபத்து. சென்னை வீழ்ந்தது அட்சய ஆண்டில்; அறுபது ஆண்டுகள் கழித்து, 1806 ஜூலை 10-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்ததும் அட்சய ஆண்டில்தான்.

இரு கணக்குகளும் ஒரே பட்டியலில் கலந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அதே 1746 சான்று. சென்னை வீழ்ந்ததைப் பிரெஞ்சு நூலிலிருந்து எடுத்து செப்டம்பர் 21 என்றும், அடுத்து நடந்த அடையாற்றுப் போரை ஆங்கில நூலிலிருந்து எடுத்து அக்டோபர் 24 என்றும் எழுதினால், இடையில் 33 நாள்கள் மட்டுமே தெரியும். உண்மையில் கடந்தவை 44 நாள்கள். புதிய கணக்கில் அடையாற்றுப் போர் நவம்பர் 4. ஆற்காட்டு நவாபின் படை திரண்டு வந்த காலம் அது; அதிலிருந்து பதினொரு நாள்களை அறியாமல் திருடிவிடுகிறது ஒரு கவனக்குறைவு.

சென்னை பிறந்த நாளுக்கு வேறு வகைச் சிக்கல். ஆகஸ்ட் 22-ஐச் சென்னை நாளாக நகரம் கொண்டாடுகிறது. 1639-இல் தாமர்ல நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராசபட்டினத்துக் கடற்கரை நிலத்தை அளித்ததன் நினைவு அது. ஆனால் அந்தக் கொடைப் பத்திரத்தில் காணப்படும் தேதி ஜூலை 22. கம்பெனியின் சார்பில் வந்த பிரான்சிஸ் டே மதராசபட்டினத்தில் இறங்கியதோ ஜூலை 27. வந்து சேராதவரிடம் ஐந்து நாள் முன்பே பத்திரம் தர முடியாது. மாதத்தின் பெயரை எழுதியவர் கை தவறியிருக்க வேண்டும் என்று கொண்டு, ஆகஸ்ட் 22 என்று ஆய்வாளர்கள் தெளிந்தனர். மூல ஆவணமே தவறக்கூடும் என்பதும், அதைத் திருத்த இன்னோர் ஆவணம் வேண்டும் என்பதும் இதில் விளங்கும். அந்த ஆகஸ்ட் 22-உம் பழைய கணக்கு. 17-ஆம் நூற்றாண்டில் இரு கணக்குகளுக்கும் இடைவெளி பத்து நாள் என்பதால் இன்றைய நாள்காட்டிப்படி அது 1639 செப்டம்பர் 1, வியாழக்கிழமை. விழாவை மாற்ற வேண்டியதில்லை. மக்கள் மனத்தில் ஊன்றிய நாள் நிலைக்கட்டும். பட்டியலில் மட்டும் ‘பழைய கணக்கு’ என்ற இரண்டு சொற்கள் இருந்தால் போதும்.

பாரதியின் மறைவு நாள் தமிழர் நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது. ஆதலால் அதில் கூடுதல் கவனம் தேவை. சில பட்டியல்கள் 1921 செப்டம்பர் 11 என்கின்றன; சில செப்டம்பர் 12 என்கின்றன. திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 11-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவைக் கடந்து, ஒன்றரை மணி அளவில். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு திங்கள் பிறந்துவிட்டது; தேதி 12. தமிழ் மரபிலோ சூரியன் உதித்தால்தான் மறுநாள். அந்தக் கணக்கில் அது இன்னும் ஞாயிறு இரவு. தமிழக அரசு 2021-இல் மகாகவி நாளாக அறிவித்தது செப்டம்பர் 11. அஞ்சலி செலுத்த அந்த நாள் பொருந்தும். ஆனால் வரலாற்றுப் பட்டியலில் ‘செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதுவதே நேர்மை.

அதே வரியில் இன்னொரு பிழையும் ஒட்டிக்கொண்டே வருகிறது: யானை தாக்கி இறந்தார் என்பது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மை. அதிலிருந்து அவர் தேறினார். ஜூலை இறுதியில் ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் போய், ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற பொருளில் பேசிவிட்டும் வந்தார். அவரைக் கொண்டுபோனது பின்னர் வந்த வயிற்று நோய். தேதியைச் சரிபார்ப்பவர் தேதிக்குப் பக்கத்தில் உள்ள வினைச்சொல்லையும் சரிபார்க்க வேண்டும். அந்தக் கவிஞனுக்குத் தமிழ் பட்ட கடன் பெரிது. அவன் சாவைப் பற்றியாவது சரியாகச் சொல்வது அக்கடனில் ஒரு சிறு பகுதி.

‘சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆன நாள்’ என்ற வரியில் தடுமாற்றம் எந்தப் படியைக் குறிப்பது என்பதில். 1967 ஜூலை 18-இல் முதல்வர் அண்ணாவின் முன்னெடுப்பில் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 1968-இல் நாடாளுமன்றத்தில் சட்டம் வந்தது. 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், பெயர் நடைமுறைக்கு வந்தது. மூன்று வாரம்கூட முழுதாகக் கழியாமல் பிப்ரவரி 3-இல் அண்ணா மறைந்தார். இவற்றில் எதையும் பட்டியலில் சேர்க்கலாம். ‘தீர்மானம் நிறைவேறியது’, ‘நடைமுறைக்கு வந்தது’ என்று உரிய சொல் மட்டும் இருக்க வேண்டும். ஜூலை 18-இல் ‘பெயர் மாறியது’ என்று எழுதினால் ஒன்றரை ஆண்டு முந்திவிடுகிறது.

இன்னும் பின்னே, கல்வெட்டுக் காலத்துக்குப் போனால், ஆங்கிலத் தேதி என்பதே அங்கே கிடையாது. அரசனின் ஆட்சியாண்டு, ஓரை மாதம், பட்சம், திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவை இருக்கும். வானத்தில் சந்திரன் நின்ற இடத்தைக் கணக்கிட்டு, இவை அனைத்தும் ஒன்றாகக் கூடிய நாளைத் தேடிப்பிடிக்க வேண்டும். அந்த வேலையை எல்லோருக்கும் எளிதாக்கித் தந்தவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை. கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் கிழமையும் காணும்படி அவர் அமைத்த பஞ்சாங்க அட்டவணைகள் 1922-இல் வெளிவந்தன. கணிப்பொறி இல்லாத நாளில் அவ்வளவு கணக்கு! சென்னைச் சட்டமன்றத் தலைவராகவும் இருந்த அவரைத் தமிழகம் இன்னும் போதுமான அளவு நினைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

அவருக்கு முன்னரே ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் சோழர் கல்வெட்டுகளை இம்முறையில் ஆராய்ந்தார். முதலாம் இராசராசன் அரியணை ஏறியது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஒரு நாள் என்பது அவர் கண்ட முடிவு. ஒரு கல்வெட்டில் ஓர் ஆட்சியாண்டு முடியாமல் இருக்கும். வேறொன்றில் அடுத்த ஆண்டு தொடங்கியிருக்கும். இரண்டுக்கும் நடுவே அகப்படுவது ஒரு மாத இடைவெளி. ஆகவே இராசராசன் முடிசூடியதற்கு ஒற்றைத் தேதியைச் சொல்லும் பட்டியலில் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். 985-ஆம் ஆண்டு, ஜூன் ஜூலை அளவில் என்று எழுதலாம். அதற்கு மேல் கல் பேசவில்லை.