பிரித்துப் பார்த்தால் புரியும்

(கொடைக்கானலில் நடந்த ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



நம் மலையடிவாரத்துப் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் இடையே 1920இல் ஒருவர் பேருந்து ஓட்டினார். அவர்தான் ஜி.டி. நாயுடு. பள்ளியில் அதிகம் படித்தவர் அல்லர். கோவையில் உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதைப் பாகம் பாகமாகப் பிரித்து, மறுபடி பூட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார். வகுப்பறை தராததை அவருக்கு ஒரு ஸ்பேனர் தந்தது. அந்த ஸ்பேனர் ஏன் நம் வகுப்பறைக்குள் வரக்கூடாது?

எங்கள் பள்ளிக்குப் பட்டறைக்காரர் ஒருவர், கழித்துப்போட்ட மாருதி 800 எஞ்சின் ஒன்றைக் கொடுத்தார். பெட்ரோலும் ஆயிலும் முழுவதும் வடித்து, பெரியவர்கள் நாலு பேர் தூக்கி மேசைமேல் வைத்தோம்.

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன். பெயர் வெட்டும் அளவுக்கு விடுப்பு. அவன் தந்தை மெக்கானிக். அன்று அவன்தான் முன்னால் நின்றான். "ஹெட் போல்ட்டை ஓரத்துல இருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தளர்த்தணும் சார். இல்லேன்னா ஹெட் வளைஞ்சிடும். பூட்டும்போது நடுவுல இருந்து ஓரத்துக்கு" என்றான். ஒவ்வொரு கனெக்டிங் ராடின் மூடியும் அதன் ராடுக்கே திரும்பப் போக வேண்டும் என்று சொல்லி, எண் போட்டு வரிசையாக அடுக்கினான். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் அவனிடம் சந்தேகம் கேட்டார்கள்.

ஹெட்டைக் கழற்றியதும் கணக்குப் பாடம் தொடங்கியது. சிலிண்டரின் விட்டம் 6.85 செ.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 7.2 செ.மீ. உருளையின் கன அளவு கண்டு மூன்றால் பெருக்கினால் சுமார் 796 கன செ.மீ. 'எண்ணூறு சி.சி.' என்று ஊரே சொல்வது இதைத்தான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அடுத்தது அறிவியல். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு அளவு வைத்த கார்புரேட்டர் வண்டி இங்கே வந்தால், காற்றுக்குப் பெட்ரோல் மிஞ்சிவிடும். இழுவை குறையும், பிளக்கில் கரி படியும். வளிமண்டல அழுத்தத்தை விளக்க இதைவிட நல்ல கருவி மலைப்பள்ளிக்கு வேண்டுமா?

கார் எஞ்சின் கிடைக்காவிட்டால் பழைய மொபெட் எஞ்சின் போதும். அதுவும் இல்லையென்றால் தையல் இயந்திரம், சைக்கிள் ஹப். மூன்றே விதிகள்: கழற்றும் வரிசையை நோட்டில் எழுத வேண்டும்; கழற்றியதைத் தட்டில் வரிசையாக வைக்க வேண்டும்; திரும்பப் பூட்டி முடித்தால்தான் பாடம் முடியும்.

அந்த மாணவன் மறுநாளும் வந்தான். பூட்டும் வேலை பாக்கியிருந்தது. பட்டறைக்குப் போவதில் தவறில்லை. பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு, ஐ.டி.ஐ. வழியாகப் போகட்டும். அதுவரை அவனைப் பள்ளியில் இருத்துவது நம் பொறுப்பு.