அட்டையில் பெயர் உண்டா?

(மருத்துவமனையைத் தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)



உங்களில் சிலர் எங்களிடம் வெளிப்படையாகவே கேட்டிருக்கிறீர்கள்: "2011 ஜூன் மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பிறகும் உங்கள் ஆஸ்பத்திரி அரிசிக்கென்று காணிக்கை கேட்பானேன்?" நியாயமான கேள்வி. இன்று அதற்குத்தான் பதில் சொல்ல நிற்கிறோம்.

அரிசி இலவசம்தான். ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இருக்க வேண்டும். எங்கள் வார்டுகளுக்கு வருகிற ஏழைகளில் மிகவும் ஏழைகளாக இருப்பவர்களுக்குப் பல வேளைகளில் அதுதான் இல்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மண்ணை உங்களுக்குத் தெரியும். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து கண்மாய் நிறைந்தால் உண்டு; இல்லையென்றால் இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் ஜனங்கள் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். அதுவும் போதாதவர்கள் செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போவார்கள். குடும்பம் இப்படிச் சிதறும்போது முதலில் காணாமற்போவது அட்டைதான். கணவன் ஒரு ஊரில், மனைவி ஒரு ஊரில், அட்டை மாமியார் வீட்டுப் பெட்டியில்.

காசநோய்க்காக எங்களிடம் வந்த ஒரு தாயைச் சொல்லுகிறோம். திருச்சுழிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். இரண்டு பிள்ளைகள். மாத்திரை விழுங்கினால் வயிறு எரிகிறது என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள். நர்ஸம்மா விசாரித்தபோதுதான் தெரிந்தது: காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, அதற்குமேல் மத்தியானம் வரை ஒன்றும் இல்லை. புருஷன் விட்டுப் போய் நாலு வருஷம். அட்டை அவரிடத்தில். அந்த அட்டையில் இந்தத் தாயின் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருக்கின்றன. ஆகவே அரசாங்கக் கணக்குப்படி இவர்கள் அட்டை உள்ள குடும்பம்!

புது அட்டைக்கு மனுப்போட வேண்டுமானால் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். இ-சேவை மையத்தில் கேட்டால், குடும்பத் தலைவரின் செல்போனுக்குத்தான் ரகசிய எண் போகும் என்கிறார்கள். அவர் எடுக்க வேண்டுமே! ஆதாரில் இருப்பதோ பழைய விலாசம். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. இரண்டு நடை நடந்துவிட்டு அந்த அம்மா ஓய்ந்துபோனார்கள். எங்கள் சமூகப் பணியாளர் கூடப் போய், பிரிந்து வாழ்வதை எழுத்தில் எழுதி வட்ட வழங்கல் அலுவலரிடம் நேரில் கொடுத்து, ஊரில் விசாரணை நடந்து, பெயர் நீங்கி, ஆதாரில் விலாசம் மாறி, புது அட்டை கைக்கு வர ஏறக்குறைய ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது உங்கள் அரிசிப் பையினால்தான். நீங்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் இதுவே.

அட்டை வந்தபின் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். 2013ஆம் வருஷத்து தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 2016 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ. அந்தியோதயா அட்டையானால் குடும்பத்துக்கு 35 கிலோ. 2000ஆம் வருஷம் தொடங்கின இந்தத் திட்டம் விதவைகள், தீராத நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற முதியோர் ஆகியோர் தலைமையில் உள்ள குடும்பங்களையும் பின்னர் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எங்கள் வார்டையே பார்த்து எழுதினாற்போல் இருக்கிறது! ஆனால் அட்டைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, கேட்டவுடன் கிடைத்துவிடாது. கேட்காதவர்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்றும் உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரவும் குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். அட்டை இல்லாதவருக்கு அரிசியும் இல்லை, ஆபரேஷனுக்கு உதவியும் இல்லை.

இதைப் பிச்சை என்று சொல்லுகிற விசுவாசிகளும் நம் சபைகளில் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி எண்ணவில்லை. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமல் எளியவனுக்கு விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமத்தில் சட்டமாகவே இருந்தது. ரூத் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது அந்தச் சட்டத்தின்படிதான். அப்போஸ்தலர் நாட்களில் அன்றாடப் பந்திவிசாரணையில் சில விதவைகள் விடுபட்டபோது, சபை அவர்களுக்காகப் புதிதாக ஒரு பந்தி வைக்கவில்லை. இருக்கிற பந்தியில் அவர்களுக்கும் சேரும்படி ஏழு பேரை நியமித்தார்கள். எங்களுக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட ஆட்களே.

ஆகவே இந்த வருஷம் பணத்தோடுகூட வேறொன்றும் கேட்கிறோம். ஒவ்வொரு சபையிலும் எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள இருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மிகவும் நல்லது. அலுவலகத்தில் நாற்காலி கொடுப்பார்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டில் அட்டை இல்லை, எந்த மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டு அட்டையில் இருக்கிறது, எந்தக் குழந்தையின் பெயர் சேரவில்லை என்று பாருங்கள். வேலைக்கு வெளியூர் போகிறவர்களுக்கு, 2020 அக்டோபர் முதல் வேறு ஊர்க் கடையிலும் விரல் ரேகை வைத்து வாங்கலாம் என்று சொல்லுங்கள். தொழுநோயால் விரல் இழந்தவர்களும், நடக்க முடியாத முதியோரும் தங்களுக்குப் பதிலாக ஒருவரை எழுதிக் கொடுக்கப் படிவம் உண்டு. பலருக்கு இது தெரியவே தெரியாது.

மனுவுக்குக் குடும்பத்தார் எல்லாருடைய ஆதாரும், தலைவியின் புகைப்படமும், வீட்டு வரி ரசீது அல்லது மின்கட்டண ரசீது போன்ற ஒரு விலாசச் சான்றும் எடுத்துப் போங்கள். கொடுத்தவுடன் தருகிற எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் திரும்பாதிருங்கள். மனு தேங்கினால் இரண்டாம் சனிக்கிழமைகளில் நடக்கிற குறைதீர் முகாமுக்குப் போகலாம். 1967 என்ற எண்ணுக்கும் பேசலாம். உங்கள் சபையின் இருவர் பெயரை இன்று கூடுகை முடிவதற்குள் எங்கள் சமூகப் பணியாளரிடம் எழுதிக்கொடுத்துப் போகும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். அவர் வாசலில் நோட்டோடு நிற்கிறார்.