கழுத்து வீங்கினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பல்லைப் பற்றிப் பேசுகிறோம். சிரிக்க வேண்டாம். பல்வலிக்காக ஒரு பேரை விட்டுக்கொடுக்கிறவர்கள் நம் லயங்களில் குறைவு. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, இரண்டு பெனடோலைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போய்விடுகிறோம்.

சில நாளில் வலி நின்றுவிடும். அங்கேதான் ஏமாறுகிறோம். பல் சுகமாகி வலி நிற்பதில்லை, உள்ளேயிருந்த நரம்பு செத்துப்போனதால் நிற்கிறது. கிருமி வேரின் அடியில் அப்படியே இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் தாடை எலும்பில் ஆழமாக இறங்கியிருப்பதால், அங்கிருந்து கிருமி கசிந்தால் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவும். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் வைத்தியர் இதை எழுதிவைத்தார். அந்தக் காலத்தில் இந்த வருத்தம் வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் செத்தார்கள். இன்று மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்தோடு போக வேண்டும்.

உயிரை எடுப்பது பெரும்பாலும் மூச்சடைப்பு. வீக்கம் நாக்கை மேலே தள்ளி மூச்சுப் பாதையை அடைக்கும். சில மணித்தியாலத்திலேயே அப்படி ஆகலாம். தாடைக்கு அடியில் பலகை மாதிரி இறுகி வீங்கினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், குரல் மாறினால், அது பல்வலி இல்லை. 1990க்கு கோல் எடுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. லயத்தடிக்கு அது ஏற முடியாத இடங்களில் இளந்தாரிமார் ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வாருங்கள். மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள், உட்காரவைத்தே கொண்டுவாருங்கள்.

சீனி வருத்தக்காரர்கள் கூடுதல் கவனம். பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த குளிசை நாலை வாங்கி விழுங்குவதை எல்லோரும் நிறுத்துங்கள். சீழை வெளியேற்றி, கெட்ட பல்லைக் கவனிக்காமல் மருந்து மட்டும் காணாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் கழற்றக் காசில்லை. நமக்குச் செலவு ஓட்டோக் கூலியும் அன்றைய பேரும்தான். ஆகவே இரண்டு கோரிக்கை வைக்கிறோம்: கிளினிக் துண்டு காட்டுகிறவருக்கு அன்றைய பேர் வெட்டக்கூடாது, மாதத்துக்கு ஒரு தடவை பல் கிளினிக்குக்குத் தோட்ட லொறி போக வேண்டும். துரையிடம் வெறுங்கையோடு போனால் “யாருக்குப் பல்வலி?” என்று கேட்பார். கதவடியில் கமிட்டித் தலைவர் கொப்பியோடு நிற்கிறார். பல்வலி உள்ளவர்கள் பேர் கொடுத்துவிட்டுப் போங்கள். வலி நின்றுபோனவர்களும் கொடுங்கள்.