மை தீர்ந்தால் பேனா தீர்ந்ததா?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்ஜினீயர் ஆச்சே, ஏதோ பெரிய இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேச வந்தது ஒன்றரை அங்குல பிளாஸ்டிக் குழாயைப் பற்றி. மைப் பேனாவுக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ்தான் அது.

உங்களில் பலர் வீட்டு மேஜை டிராயரில் ஒரு நல்ல பேனா சும்மா கிடக்கும். கல்யாணத்துக்கோ, பரிசளிப்பு விழாவிலோ வந்ததாக இருக்கும். கூட வந்த கார்ட்ரிட்ஜ் தீர்ந்து போச்சு. கடையில் கேட்டால், "அந்த மாடலுக்கு வர்றதில்லை சார்" என்கிறார்கள். அதோடு பேனாவை ஓரங்கட்டி விடுகிறோம். நிப்பு தேயவில்லை, மூடி உடையவில்லை. தீர்ந்தது மை மட்டும்தான்!

அப்பா காலத்துப் பேனாவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கழுத்தைத் திருகி, இங்க் ஃபில்லரால் மை விட்டு மூடினால் சரி. அதே ஃபில்லரால் கார்ட்ரிட்ஜில் விட்டுப் பாருங்கள், போகாது. மை வாயிலேயே முத்து மாதிரி நிற்கும். காரணம், வாய் குறுகல். மை உள்ளே போகணும்னா காற்று வெளியே வரணும். இரண்டுக்கும் ஒரே வாசல்.

1884-இல் அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற பேனாவின் சூட்சுமமும் இதுவே. மை கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று ஏறிப் போக நிப்பின் அடியில் சிறு வாய்க்கால்கள் வைத்தார். வீட்டு மோட்டாரில் காற்று அடைத்தால் தண்ணீர் ஏறாமல் நிற்கிறதே, இதுவும் அந்தக் குடும்பத்துச் சங்கதிதான்.

ஆகவே காற்றுக்கு வழி விட்டால் போதும். மருந்துக் கடையில் 2 மில்லி சிரிஞ்சு புதிதாக ஒன்று வாங்குங்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியைத் தொடவே கூடாது. ஊசி முனையை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கிக் கொள்ளுங்கள். காலிக் கார்ட்ரிட்ஜைச் சாதாரணத் தண்ணீரில் சாயம் போகும்வரை கழுவி, உலர்த்துங்கள். ஊசியை அடிவரை இறக்கி மெதுவாக அழுத்தினால், மை கீழிருந்து ஏறும். காற்று ஊசியின் ஓரமாக வெளியேறிவிடும். விளிம்புக்குச் சற்று முன்னால் நிறுத்தி, வாயைத் துடைத்து, உடனே பேனாவில் பொருத்திவிடுங்கள். புதியதில் இருக்கும் முத்திரை இதில் கிடையாது. அப்படியே சட்டைப்பையில் போட்டால் சட்டை நீலமாகிவிடும்.

சில எச்சரிக்கைகள். மைப் பேனாவுக்கான மையைத்தான் ஊற்ற வேண்டும். படம் வரைகிற இந்தியன் இங்க் வேண்டவே வேண்டாம்; அதில் அரக்கு சேர்ந்திருக்கும், காய்ந்தால் வாய்க்காலை அடைத்துவிடும். இரண்டு வகை மையைக் கலக்காதீர்கள், வண்டல் படியலாம். வெந்நீரும் ஸ்பிரிட்டும் ஆகாது. பலமுறை நிரப்பிய பிறகு வாய் தளர்ந்து கசிய ஆரம்பித்தால், அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு விடை கொடுத்துவிடலாம்.

கணக்கையும் பாருங்கள். சின்னக் கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சுமார் 0.8 மில்லி மை பிடிக்கும். 60 மில்லி பாட்டில் ஒன்றில் ஏறக்குறைய 75 தடவை நிரப்பலாம். செமஸ்டர் பரீட்சைகளைத் தாண்டியும் மிச்சமிருக்கும்!

தம்பிகளே, தங்கைகளே, காசு மிச்சமாவது நல்லதுதான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் மேலே. நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில், "பார்ட் கிடைக்காது, புதுசு வாங்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் கையெழுத்துப் போடும் முன், "இதில் தீர்ந்தது எது, கெட்டது எது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாம் இங்கே நான்கு வருஷம் படித்தது அந்தக் கேள்வியைக் கேட்கத்தான்.

வராந்தாவில் ஒரு மேஜை போட்டு, சிரிஞ்சும் மையும் பழைய பேப்பரும் வைத்திருக்கிறேன். காலிக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தால், கையோடு நிரப்பிக் கொண்டு போகலாம்.