தட்டாத கை



2011-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி. கனடாவின் டொரண்டோ நகரில் யூஎப்சி நிறுவனத்தின் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி. கூண்டுக்குள் அமெரிக்காவின் பிராங்க் மிர்ரும் பிரேசிலின் அந்தோனியோ ரொட்ரிகோ நொகேய்ராவும் மோதுகிறார்கள். முதல் சுற்றிலேயே நொகேய்ராவின் குத்துப்பட்டு மிர் நிலைகுலைந்து விழுகிறார். தொடர்ந்து குத்தியிருந்தால் நடுவரே ஆட்டத்தை நிறுத்தியிருக்கக்கூடும். நொகேய்ராவோ குத்துவதை விட்டுவிட்டுக் கழுத்தைப் பிடிக்கப் போனார். மிர் நழுவினார். இருவரும் உருண்டார்கள். எழும்போது நொகேய்ராவின் கை மிர்ரிடம் மாட்டியிருந்தது.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு விளக்கம். பிடியில் மாட்டிக்கொண்டவர், எதிராளியின் உடம்பிலோ தரையிலோ இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். 'தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், விட்டுவிடு' என்று அதற்குப் பொருள். உடனே நடுவர் குறுக்கிடுவார், பிடி தளரும், எழுந்து வீட்டுக்குப் போகலாம். பயிற்சி மையங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

அன்று நொகேய்ரா தட்டவில்லை. மேல்கை எலும்பு முறிந்த பிறகுதான் அந்தச் சண்டை முடிந்தது.

எதிராளிகளைத் தட்ட வைப்பதையே தொழிலாகக் கொண்டவர் அவர். எந்தப் பிடி எவ்வளவு தூரம் போனால் எலும்பு தாங்காது என்பது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகில் சிலர்தான் இருந்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் ஏன் தட்டவில்லை? இதற்கு விடை தேட வேண்டுமானால் அவருடைய பிள்ளைப் பருவத்திற்குப் போக வேண்டும்.

பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் வித்தோரியா டா கொன்கிஸ்தா என்றோர் ஊர். 1976-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி அங்கே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருவர் ரொட்ரிகோ, மற்றவர் ரொஜேரியோ. இருவருமே பின்னாளில் சண்டை வீரர்கள் ஆனார்கள். ரொட்ரிகோவுக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது ஒரு லோரி அவர்மீது ஏறிவிட்டது. நான்கு நாள் நினைவில்லை. விலா எலும்பு ஒன்று போனது, ஈரலில் ஒரு பகுதி போனது. மாதக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். பிழைத்து எழுந்தபோது முதுகின் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய குழி விழுந்திருந்தது. அவர் சட்டையில்லாமல் மேடை ஏறும் ஒவ்வொரு முறையும் தொலைக்காட்சிக் கேமரா அந்தக் குழியைத் தேடிப் பிடித்துக் காட்டியது. வர்ணனையாளர்கள் லோரிக் கதையை மறுபடியும் சொன்னார்கள். லோரியே சாய்க்காதவரை மனிதனா சாய்க்கப்போகிறான் என்ற பேச்சு அப்படித்தான் வளர்ந்தது.

சிறுவயதில் ஜூடோ, பிறகு குத்துச்சண்டை, அதன் பிறகு பிரேசிலிய ஜியூ-ஜிட்சு. ரிகார்டோ டி லா ரிவா என்ற புகழ்பெற்ற ஆசிரியரிடம் கறுப்புப் பட்டை பெற்றார். இந்தக் கலை பிரேசிலுக்கு வந்த வழியே சுவையானது. மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914-இல் பிரேசிலில் கால் வைத்தார். அவரிடம் கற்றுக்கொண்ட கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி எலியோவும் அதை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோனார்கள். மல்யுத்தம் என்றால் நம் மனத்தில் என்ன இருக்கிறது? முதுகு மண்ணில் பட்டால் தோற்றான் என்பதுதானே! கிரேசி குடும்பத்தார் அதைத் தலைகீழாக்கினார்கள். மல்லாந்து படுத்தபடி, மேலே கிடப்பவனைக் கால்களால் வளைத்து, அவன் கையையோ கழுத்தையோ மாட்டவைப்பதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி. உடல் பலம் குறைந்தவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்ற எண்ணத்தில் வளர்ந்த கலை இது.

நொகேய்ரா அதைக் கனரகப் பிரிவுக்குக் கொண்டுவந்தார். அதுவும் ஜப்பானுக்கே கொண்டுபோனார். 2001 பிப்ரவரியில் 'ரிங்ஸ்' அமைப்பின் பெரிய போட்டித் தொடரை வென்றார். அதே ஆண்டு 'பிரைட்' அமைப்பில் சேர்ந்து, கேரி குட்ரிஜ், மார்க் கோல்மன் இருவரையும் கால்பிடியில் மாட்டித் தட்ட வைத்தார். நவம்பரில் தோக்கியோ டோம் அரங்கில் ஹீத் ஹெர்ரிங்கை வென்று, பிரைட் கனரகப் பிரிவின் முதல் சாம்பியன் ஆனார். எதிராளியைக் கீழே தள்ளுவதையே பலமாக நினைத்த மல்யுத்த வீரர்களுக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. இந்த மனிதரைக் கீழே தள்ளுவது நல்லதா, கெட்டதா?

2002 ஆகஸ்டு 28 சண்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தோக்கியோ தேசிய விளையாட்டரங்கம், திறந்தவெளி. கூட்டம் தொண்ணூறாயிரத்துக்கும் மேல் என்று அறிவித்தார்கள். எதிரில் நிற்பவர் பாப் சாப், முன்னாள் அமெரிக்கக் காற்பந்து வீரர், 150 கிலோவுக்கும் மேற்பட்ட மலை. நொகேய்ராவோ நூற்றைந்து கிலோ அளவில்தான். மணி அடித்ததும் நொகேய்ரா காலைப் பிடிக்கப் பாய்ந்தார். சாப் அவரை அப்படியே தலைகீழாகத் தூக்கித் தரையில் குத்தினார். கழுத்து முறிந்திருக்க வேண்டும் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்தார்கள். முதல் சுற்று பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பகுதி, ஒரு மனிதர் அடிவாங்குவதை இவ்வளவு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். முகம் வீங்கிவிட்டது. ஆனால் கீழே கிடந்தவர் சும்மா கிடக்கவில்லை. ஒரு கையைப் பிடிப்பார், நழுவும். மறுபடியும் பிடிப்பார். இரண்டாம் சுற்றில் அந்த மலைக்கு மூச்சு வாங்கியது. நொகேய்ரா மேலே வந்தார், கையை இரு கால்களுக்கிடையே இறுக்கி நீட்டினார், சாப் தட்டினார்.

இந்தச் சண்டையை இரண்டு விதமாகப் பார்க்கலாம். பொறுமையும் நுட்பமும் பருமனை வென்றன என்பது ஒன்று. எவ்வளவு அடித்தாலும் தாங்கிக்கொள்வார் என்பது இன்னொன்று. இரசிகர்களும் தொலைக்காட்சியும் இரண்டாவதைத்தான் அதிகம் கொண்டாடினார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது எனலாம்.

2003 மார்ச்சில் ரஷ்யாவின் பெடோர் எமிலியானென்கோ, மற்றவர்கள் பயந்த அந்தக் கால்களுக்கிடையே துணிந்து புகுந்து, இருபது நிமிடம் மேலிருந்து குத்திப் பட்டத்தைப் பறித்தார். நொகேய்ரா விழவில்லை, தட்டவும் இல்லை. வாங்கிக்கொண்டே இருந்தார். அதே ஆண்டு நவம்பரில் குரோவேசியாவின் மிர்கோ குரோகாப்புடன் இடைக்காலப் பட்டத்துக்கான சண்டை. முதல் சுற்று முடியும் தறுவாயில் குரோகாப்பின் உதை தலையில் விழுந்து நொகேய்ரா சாய்ந்தார். மணி அடித்துக் காப்பாற்றியது. இரண்டாம் சுற்றில் எதிராளியைக் கீழே கொண்டுவந்து, இரண்டு நிமிடத்துக்குள் கையைப் பிடித்து முடித்துவிட்டார்! திரைப்படத்தில் வைத்தால்கூட நம்ப மாட்டோம்.

2007-இல் பிரைட் விற்கப்பட்டு, வீரர்கள் பலர் யூஎப்சிக்கு மாறினார்கள். அங்கும் இதே கதைதான். 2008 பிப்ரவரியில் லாஸ் வேகாஸ் நகரில், இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான டிம் சில்வியாவிடம் இரண்டு சுற்று அடிவாங்கி, மூன்றாவதில் கழுத்தைப் பிடித்து வென்று இடைக்காலச் சாம்பியன் ஆனார். பிரைட், யூஎப்சி இரண்டிலும் கனரகப் பட்டம் பெற்ற முதல் மனிதர் இவர்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் முதன்முறையாக ஒருவர் அவரை அடித்தே நிறுத்தினார். அவர்தான் பிராங்க் மிர். நொகேய்ராவின் கால்கள் தடுமாறின, முன்பெல்லாம் தாங்கிய குத்துகளுக்கே விழுந்தார். சண்டைக்கு முன் கிருமித் தொற்று இருந்தது உண்மை. ஆனால் அந்த ஓர் இரவுக் காய்ச்சலை மட்டும் குறை சொல்வது சரியாகாது. 2009-இல் ரெண்டி கூட்டூரை வென்று ஒருமுறை பழைய ஆளாகத் தெரிந்தார். 2010 பிப்ரவரியில் சிட்னியில் கேன் வெலாஸ்குவேஸ் முதல் சுற்றிலேயே நினைவிழக்க வைத்தார். பிறகு இடுப்பு, முட்டி என்று வரிசையாக அறுவைச் சிகிச்சைகள். நடக்கவே சிரமப்பட்ட மனிதர் 2011 ஆகஸ்டில் ரியோ டி ஜெனிரோவில் மேடையேறி, தம்மைவிட இளையவரான பிரெண்டன் ஷாப்பை முதல் சுற்றிலேயே சாய்த்தபோது அரங்கமே அழுதது என்றால் மிகையாகாது.

அடுத்த சண்டைதான் டொரண்டோ.

அன்று மிர் போட்ட பிடியின் பெயர் 'கிமுரா'. அந்தப் பெயர் வந்த கதை இன்னும் பழையது. 1951-ஆம் ஆண்டு ரியோவின் மரக்கானா அரங்கில், ஜப்பானின் ஜூடோ மேதை மசாஹிகோ கிமுராவோடு எலியோ கிரேசி மோதினார். கிமுரா இதே பிடியைப் போட்டார். எலும்பு முறிந்தது. எலியோ தட்டவில்லை. ஓரத்தில் நின்ற அண்ணன் கார்லோஸ்தான் துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டார். தோற்கடித்தவரின் பெயரையே அந்தப் பிடிக்கு வைத்து மரியாதை செய்தார்கள். பெருந்தன்மைதான். ஆனால் தட்டாமல் இருந்ததே வீரம் என்றும் அந்தக் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்பார்கள் நம் ஊரில். அது வாயளவுப் பெருமை, மீசையோடு போய்விடும். இது எலும்பை விலையாகக் கேட்கும் பெருமை.

எலியோவுக்கு ஓர் அண்ணன் துண்டு வீசினார். அறுபது ஆண்டு கழித்து நொகேய்ராவுக்கு வீச நேரம் இருந்ததா என்றால், இல்லை. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எத்தனையோ நேரம் இருந்ததே! சாப்பின் முன்னால் இருந்தது, பெடோரின் முன்னால் இருந்தது. யாரும் வீசவில்லை. வீசியிருந்தால் அவர் மன்னித்திருக்கமாட்டார் என்பதும் உண்மையே.

அதே டொரண்டோ இரவில், அதே நிகழ்ச்சியில், ரொஜேரியோ டிட்டோ ஓர்டிஸை முதல் சுற்றிலேயே வென்றிருந்தார். ஒரே கருவில் பிறந்த இருவரில் ஒருவருக்கு வெற்றி, ஒருவருக்கு அறுவைச் சிகிச்சைக் கட்டில்.

நொகேய்ராவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விடுபட்டுப் போவது அவர் மற்றவர்களுக்குச் செய்தது. 2003 வாக்கில் தோல்வியால் மனம் உடைந்து, சண்டையே வேண்டாம் என்று ஒதுங்க இருந்தார் ஓர் இளைஞர். அவரை விடாமல் இழுத்துவந்து பயிற்சி தந்தவர் நொகேய்ரா. 2006-இல் கறுப்புப் பட்டையும் கட்டிவிட்டார். அந்த இளைஞர்தான் ஆண்டர்சன் சில்வா. 2010 ஆகஸ்டில் செல் சொன்னனிடம் நான்கு சுற்று தரையில் அடிவாங்கிக் கிடந்த சில்வா, ஐந்தாம் சுற்றில் மல்லாந்தபடியே கால்களால் கழுத்தை இறுக்கிப் பட்டத்தைக் காத்தார். யாருடைய பாடம் அது என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு சீடர் ஜூனியர் டோஸ் சாந்தோஸ். குருவைச் சிட்னியில் சாய்த்த அதே வெலாஸ்குவேஸை 2011 நவம்பரில் 64 நொடியில் வீழ்த்தி யூஎப்சி சாம்பியன் ஆனார்.

கை முறிந்த பத்தே மாதத்தில் நொகேய்ரா திரும்பினார். ஜியூ-ஜிட்சு எல்லாம் வேலைக்காகாது என்று கிண்டலடித்துவந்த டேவ் ஹெர்மன் அன்றைய எதிராளி. ரியோவில் இரண்டாம் சுற்றில் ஹெர்மனின் கையைப் பிடித்துத் தட்ட வைத்தார் நொகேய்ரா. கிண்டலுக்கு அதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

2013 ஜூன் மாதம், போர்த்தலேசா நகரம். நாட்டவரான பப்ரீசியோ வெர்டும் இரண்டாம் சுற்றில் நொகேய்ராவின் கையைப் பிடித்து நீட்டினார். இம்முறை நொகேய்ரா காத்திருக்கவில்லை. போதும் என்று வாயாலேயே நடுவரிடம் சொல்லிவிட்டார். செய்தி எழுதியவர்கள் அதை ஒரு தோல்வியாகக் கணக்கில் சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அதன் பிறகும் இரண்டு சண்டைகள். 2014 ஏப்ரலில் அபுதாபியில் ரோய் நெல்சன் முதல் சுற்றில் வீழ்த்தினார். 2015 ஆகஸ்டு 1-ஆம் தேதி ரியோவில் ஸ்டெபன் ஸ்ட்ரூவிடம் புள்ளிக் கணக்கில் தோல்வி. அன்றும் இரட்டையர் இருவரும் ஒரே நிகழ்ச்சியில்தான் இருந்தார்கள், இருவருமே தோற்றார்கள். செப்டம்பரில் நொகேய்ரா ஓய்வு பெற்றார். யூஎப்சி நிறுவனம் பிரேசிலில் அவருக்கு வேறு பொறுப்பு கொடுத்தது. 34 வெற்றி, 10 தோல்வி, ஒரு சமநிலை, முடிவில்லாத ஆட்டம் ஒன்று. 2016-இல் புகழ் மண்டபத்தில் பெயர் பொறித்தார்கள்.

ரொஜேரியோ நிறுத்தவில்லை. அவர் 2020 ஜூலை வரை சண்டையிட்டார். அப்போது அவருக்கு வயது 44.