பொண்ணுங்களையும் கூத்துக்கு அனுப்புங்க!
(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசைக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போறாங்க. பையன்களுக்குக் கையெழுத்துப் போட்ட நாம, பொண்ணுங்களுக்கு ஏன் போடலை? ராத்திரிக் கூத்து இல்லை, பகல்லதான். டீச்சரும் கூட வராங்க.

டி.வி.யில் பார்ப்பது வேறு. முகவீணைச் சத்தமும், கட்டியக்காரன் கேலியும் நேரில்தான் மனசில் பதியும். வேஷம் கட்டியவரிடமே பிள்ளைகள் சந்தேகம் கேட்கலாம்.

முதல் கூட்டத்தில் பேர் சொல்லவே கூச்சப்பட்டோமே, ஞாபகம் இருக்கா? திரௌபதி சபை நடுவே நியாயம் கேட்பதை நம்ம பொண்ணுங்க பார்க்கட்டும். பஸ் கட்டணத்துக்குக் கஷ்டமா? குழுவில் உள்கடன் எடுங்க. நாளைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்புங்க.